பாறையில் பதிந்த வேகம்

அகத்தியமலை அடிவாரத்திலுள்ள போனக்காட்டின் பாறைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் புதைபடிவங்களைத் தேடிப் பயனில்லை. கடல் வண்டல் படிந்து உருவான அரியலூர்ப் பாறைகளிலோ, அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. அவ்வினங்கள் விரைந்து மாறியமையால், அவற்றைக் கொண்டே அடுக்குகளின் காலத்தை அறிகின்றனர்.

எல்லா உயிரினங்களும் அவ்வாறு மாறுவதில்லை. சில, பல இலட்சம் ஆண்டுகள் மாறாதிருக்கின்றன; அடுத்த அடுக்கில் புதிய இனம் திடீரெனத் தோன்றுகிறது. இடைப்பட்ட வடிவங்கள் எங்கே? புதைபடிவப் பதிவு முழுமையற்றது என்றார் டார்வின் (1859). பதிவின்மீது பழி சுமத்துவது எளிது. நீண்ட நிலைபேறும் குறுகிய கால மாற்றமுமே இயல்பு என்றனர் எல்ட்ரெட்ஜும் கூல்டும் (1972). அக்குறுகிய காலமும் பல்லாயிரம் ஆண்டுகளாகலாம். பாறையில் அது மெல்லியதோர் அடுக்காகவே எஞ்சும்.