மனச்சோர்வு மாத்திரையும் சம்பள நாள் போத்தலும்



சம்பளம் போட்ட மூன்றாம் நாள் காலை, பிரட்டுக் களத்திலிருந்து ஒரு அண்ணனை இரண்டு பேர் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டி வந்தார்கள். தலை சுற்றல், கை நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. "என்னண்ணே சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லிங்க டிரஸர், வழக்கம்போல ரெண்டு கிளாஸ்தான்" என்றார். பின்னாலேயே ஓடி வந்த அவர் மனைவிதான் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினார். அரசாங்க கிளினிக்கில் மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை அது.

"தண்ணியும் மாத்திரையும் சேரக் கூடாதுன்னு சொன்னாங்கய்யா. அதனால குடிக்கிற அன்னிக்கு மாத்திரையை விட்டுடுவாரு. இப்ப மூணு நாளாப் போடல" என்றார் அந்த அம்மா.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. உடம்பு அலுப்புக்குக் கெத்தும் தண்ணீரும் குடித்திருக்கிறார். நல்ல வேளை, தேறி வந்துவிட்டார். அவருடைய சம்மதத்தோடு, பேரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். அந்த அம்மா சொன்ன கணக்கு நம் லயங்களில் பல வீடுகளில் ஓடுகிற கணக்கு. அது தப்புக் கணக்கு.

மூன்று நாள் மருந்து அல்ல

மனச்சோர்வு என்பது பைத்தியமும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. தூக்கம் கெட்டு, பசி அற்று, பிள்ளைகளிடம்கூடப் பேசப் பிடிக்காமல், "ஏன் இருக்கிறோம்" என்ற எண்ணம் வாரக் கணக்கில் விடாமல் இருப்பது ஒரு நோய். நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 10 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது.

இதற்குச் செர்ட்ரலின், ஃபுளுவோக்செடின், எஸ்சிடலோபிராம், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்தப் பழமொழி இவற்றுக்குப் பொருந்தாது. குணம் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

இடையில் சட்டென்று விட்டால் தலை சுற்றும், குமட்டும், எரிச்சல் வரும், உடம்பில் கரண்டு அடித்ததுபோல் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதோடு, இன்று மாத்திரை போடாவிட்டால் உடம்பில் மருந்து இல்லை என்று அர்த்தமில்லை. ஃபுளுவோக்செடின் வாரக் கணக்கில் உடம்பில் தங்கும். ஆக, மாத்திரையை விட்டுவிட்டுக் குடிப்பவருக்கு இரண்டு பக்கமும் நட்டம். மருந்தின் பலன் போகிறது, குடியோடு சேரும் ஆபத்து மட்டும் நிற்கிறது.

பீரா, கள்ளா, சம்சுவா?

எதுவானாலும் உள்ளே போவது ஆல்கஹால்தான். குடித்த நேரத்தில் மனம் லேசாவதுபோல் இருக்கும். மறுநாள் சோர்வு கூடும், தூக்கம் கெடும். ஒரு கை தூக்கிவிடுவதை இன்னொரு கை கீழே இழுப்பதுபோல் மருந்தின் வேலையைக் குடி கெடுத்துவிடும். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்ற மாத்திரைகளே மயக்கம் தருபவை. மதுவும் சேர்ந்தால் நடை தள்ளாடும், இரத்த அழுத்தம் இறங்கும், மூச்சும் மந்தமாகும். அந்த நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், மறுநாள் காலை குலை வெட்டும் அரிவாளைத் தூக்குவதையும் நினைத்துப் பாருங்கள்.

1940களில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றார்கள். ஆகவே குடியை விடச் சொல்வது நமக்குப் புதுப் பேச்சு அல்ல. மாத்திரை எடுக்கும் காலத்தில் குடிக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வலிப்பு வரக்கூடும். டாக்டரிடம் சொல்லுங்கள். படிப்படியாக நிறுத்த வழி இருக்கிறது.

மருந்து என்று நாம் நினைக்காதவை

குடியை மறைப்பதுபோலவே இவற்றையும் மறந்துவிடுகிறோம்:

கெத்தும் தண்ணீர்: நம் வட மாநிலங்களில் உடம்பு அலுப்புக்கென்று குடிப்பவர்கள் பலர். மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஈரலின் வேலையை இது தடுக்கிறது. அதனால் மாத்திரை உடம்பில் தேங்கி அளவு ஏறிவிடலாம். 2003 முதல் கெத்தும் விஷப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் பலர் சொல்லப் பயப்படுகிறார்கள். டாக்டர் கேட்பது உங்களைப் பிடித்துக் கொடுக்க அல்ல, பிழைக்க வைக்க.

வலி மாத்திரை: பொன்ஸ்டான், வோல்டாரன், ஆஸ்பிரின் போன்றவற்றை மனச்சோர்வு மாத்திரையோடு தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுப்பாகத் தார்போல் போனால் காத்திருக்காதீர்கள். டிராமடோல் என்ற வலி மருந்து இன்னும் ஆபத்து, வலிப்பைக்கூட வரவழைக்கலாம்.

இருமல், சளி மருந்து: டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபன் கலந்த இருமல் மருந்து சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேராது. பிரிட்டன் போன்ற சளி மாத்திரை மயக்கத்தைக் கூட்டும்.

ஜாமு, சத்து மாத்திரை: மூட்டுவலிக்கு விற்கும் சில ஜாமுகளில் ஸ்டெராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்திருக்கிறது. 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். பதிவு எண் இருந்தாலும் உங்கள் மாத்திரையோடு சேரும் என்று பொருளல்ல. 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மூலிகை மனதுக்கு நல்லது என்று விற்கப்படுகிறது. மனச்சோர்வு மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது.

நியூயார்க்கில் நடந்தது

இது படிக்காத ஏழைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 1984 மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் லிபி சயோன் என்ற 18 வயது கல்லூரி மாணவி காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவர் ஃபினெல்சின் என்ற மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குப் பெதிடின் ஊசி போடப்பட்டது. இரண்டும் சேரக் கூடாதவை. மறுநாள் காலை அந்தப் பெண் உயிரோடு இல்லை. அன்று இரவு கவனித்தவர்கள் நீண்ட நேரம் தொடர்ந்து வேலை பார்த்த பயிற்சி டாக்டர்கள். அவருடைய தந்தை விடாமல் போராடினார். 1989இல் அந்த மாநிலம் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி என்று கட்டுப்படுத்தியது. ஓய்வில்லாத வேலை யாருடைய உயிரையும் வாங்கும் என்பது தொழிலாளர்களாகிய நமக்குத் தெரியாததா?

என்ன செய்ய வேண்டும்?

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை, ஜாமு, எண்ணெய், சத்துப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். புது மருந்து வாங்கும்போது, "நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன், இது சேருமா?" என்று கேளுங்கள்.

மாத்திரையோடு வேறெதையும் சேர்த்த பிறகு படபடப்பு, நடுக்கம், அதிக வேர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசை விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் 999க்கு அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 15555 என்ற எண்ணில் பேசலாம். யாராவது வேண்டுமென்றே அதிக மாத்திரை விழுங்கியிருந்தால் போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

அந்த அண்ணன் இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். சம்பள நாளில் போத்தல் வாங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். அன்றைக்கு அந்த அம்மா அட்டையைக் காட்டாமல் இருந்திருந்தால், இதை நான் வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மாத்திரையை மட்டும் எடுத்து வாருங்கள்.

- மருத்துவ உதவியாளர், பைராம் தோட்டம்