திரை ஒன்று, அறைகள் பல

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில், ஏலப்பாறை என்னும் ஊர் உள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் உழைப்போருள் தமிழர் மிகப் பலர். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பர். லயத்தில் ஓர் அறையிலேயே உறக்கமும் உணவும் பிள்ளைகளின் படிப்பும் நடைபெறுவதுண்டு. புத்தகத்தை விரிக்கப் பாயைச் சுருட்ட வேண்டும்.

கணிப்பொறியின் சிறு திரையிலும் இதே இடநெருக்கடிதான். பாடம் ஒரு சாளரம், அகராதி ஒரு சாளரம், கடிதம் ஒரு சாளரம்; ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைகிறது. இவ்விடர்ப்பாட்டை ஆராய்ந்த ஸெராக்ஸ் நிறுவனத்து அறிஞர்களான ஆஸ்டின் ஹெண்டர்ஸனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986-ஆம் ஆண்டில் ‘ரூம்ஸ்’, அதாவது ‘அறைகள்’ என்ற முறையை விளக்கி எழுதினர். வேலைக்கு ஓர் அறை. அறை மாறினால் திரைக்காட்சியும் மாறும். யூனிக்ஸ் மரபில் வந்த கணிப்பொறிகளில் இவ்வசதி பின்னர் வழக்கமாயிற்று. இதனைப் பணியிடம் என்கிறோம்.

கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு அளிக்கும் லினக்ஸ், அம்மரபைச் சேர்ந்த உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அந்த உபுண்டுவை, டில்லியிலோ மும்பையிலோ வாழும் நாமும் விலையின்றிப் பெறலாம்.

அமைக்கும் முறை எளிது. உபுண்டு 22.04-இன் அமைப்புகளில் ‘மல்டிடாஸ்கிங்’ பக்கத்தைத் திறந்தால் இரு வழிகள் தோன்றும். தேவைக்கேற்பப் பணியிடங்கள் தாமே கூடிக் குறைவது ஒன்று. நாம் குறித்த எண்ணிக்கையில் நிலைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதே தொடக்கத்திற்கு நன்று. எது எங்கே உள்ளதென்பது விரைவில் கைக்குப் பழகிவிடும். மூன்று போதும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்தியவாறு இட அல்லது வல அம்புக்குறியைத் தட்டினால் அறை மாறும். ஷிப்ட் விசையையும் சேர்த்தழுத்தினால் கையிலுள்ள சாளரமும் உடன் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பணியிடம் பெருகுவதால் கணிப்பொறியின் நினைவகம் பெருகுவதில்லை. மறைந்துள்ள சாளரங்களும் அதை உண்டுகொண்டேயிருக்கும். மேலும், இந்த அறைகளுக்குப் பூட்டுக் கிடையாது. வீட்டார் பலரும் ஒரே கணிப்பொறியைக் கையாண்டால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு ஏற்படுத்துவதே முறை.

மூன்றில் ஓர் அறையைத் தமிழுக்கென ஒதுக்குவோம். விசைப்பலகை அமைப்பில், சாளரத்திற்குச் சாளரம் மொழி மாறுமாறு குறித்துவிட்டால், தமிழ்க் கடிதம் தமிழிலேயே காத்திருக்கும். அலுவல் மொழி எதுவாயினும், ஓர் அம்புக்குறித் தொலைவில் நம் மொழி இருக்கும். நம் பிள்ளைகளும் அதை அங்கே காண்பார்கள்.