பழம்பொறி புதுக்கல்

பழைமை எய்தினமையானே ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது. செல்லரித்த ஏட்டுச் சுவடிகளைப் புறக்கணியாது, பல பிரதிகளை ஒப்புநோக்கி அறிஞர்கள் அச்சேற்றினமையாலன்றோ சங்க நூல்கள் இன்று நம் கைக்கு எட்டியுள்ளன? உலோகத்தாலாய பொறிகளுக்கும் இஃது ஒக்கும். உறுப்புகள் எளிதிற் கிடையாத பழைய வேகக் காரின் எஞ்சினைப் புதுக்கும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இது செல்வர்தம் பொழுதுபோக்கிற்கே உரிய கலையென்று எண்ணற்க. அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய ஊர்களைச் சூழ்ந்த வானம்பார்த்த பூமியில், மழை பொய்த்தாற் கண்மாய் வறளும். பின்னர்க் கிணறே கதி. கமலை ஓய்ந்த கிணறுகளில் ஆயில் எஞ்சின்கள் நீர் இறைத்தன. மிளகாய்ச் செடி வாடும் நாளில் எஞ்சின் நின்றுவிடின், புதிய உறுப்பு வருமளவும் பயிர் காத்திராது. ஆதலின், தேய்ந்ததைக் கடைந்தும் உடைந்ததைப் பற்றவைத்தும் பொறியை ஓட்டும் திறன் பட்டறைகளில் வளர்ந்தது. இங்கிலாந்திலே டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் நிறுவனத்தாரின் 6 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்திற்கு 650 முறையே சுற்றும். அம்மாதிரியை ஒட்டி ராஜ்கோட்டிற் பலர் எஞ்சின்கள் செய்தமையால், அதன் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

நிற்க. வேகக் காரின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தார் வெளியிட்ட எக்ஸ்.கே. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்கள், கொள்ளளவு 3,442 கன சென்டிமீட்டர், நிமிடத்திற்கு 5,000 சுற்றில் 160 குதிரைத்திறன். கிணற்றுப் பொறி பொறுத்துக்கொள்ளும் சிறு பிழையையும் இத்துணை வேகத்திற் சுழலும் பொறி பொறாது.

ஆதலின், கழற்றியதும் செய்யத்தக்கது அளவெடுத்தலே. ஒவ்வோர் உறுப்பும் இருந்த இடம், திசை, அளவு ஆகியவற்றை ஏட்டிற் குறித்தல் வேண்டும். சிலிண்டர் வட்டம் சிதைந்து நீள்வட்டமாய்த் தேய்ந்திருப்பின், அதனைக் குடைந்து வார்ப்பிரும்பு லைனரை இறுக்கிப் பழைய அளவிற்கே கொணரலாம். அவ்வாறு செய்யின் பெரிய அளவுப் பிஸ்டனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கிராங்க் தண்டின் தேய்வை அரைத்து நீக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங்குகளை இடுதல் வேண்டும். அத்தண்டினுள் எண்ணெய் ஓடும் துளைகளில் ஆண்டுக்கணக்காய்ப் படிந்த கசடு மறைந்திருக்கும். அடைப்புத் திருகுகளைக் கழற்றி அதனை அகற்றாவிடின், புதிய பேரிங் விரைவில் அழியும்.

மேலே அமைந்த அலுமினியத் தலைப்பகுதியை நீர்வழி அரித்திருந்தால், உலோகம் நிரப்பி மட்டமாக்குவர். ஆனால், மிகுதியாய்ச் சீவிவிடின் சங்கிலி ஒழுங்கு மாறும். வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும். வால்வின் இடைவெளியை அமைப்பவை ஷிம் எனப்படும் சிறு வட்டத் தகடுகள். உரிய கனத்தில் ஒன்று கிடையாவிடின், தடித்ததொன்றைத் தேய்த்துக்கொள்ளலாம்.

கிடையாத உறுப்பைப் பெறும் வழிகள் மூன்று. பழைய இரும்புக் கடையிலும் உடைந்த வண்டியிலும் தேடுதல் ஒன்று; அளவொத்த பிறவண்டி உறுப்பைப் பொருத்துதல் இரண்டு; புதிதாய்ச் செய்தல் மூன்று. மூன்றாவதே அரிது. உருவம் ஒத்தால் மட்டும் போதாது. உலோகத்தின் தன்மையும், வெப்பத்தால் அது விரியும் அளவும் ஒத்தல் வேண்டும். இவ்வறிவு பொறியைத் தொட்டுப் பயில்வதாலேயே வரும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார் என்பதை யாவரும் அறிவர்.

இனி, ஏட்டுக்கும் பொறிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றும் காண்க. சிதைந்த அடியைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விடுக்கலாம்; நூல் அதனால் நின்றுவிடாது. பொறியிலோ ஒரு வளையம் குறையினும் இயக்கமில்லை. ஆதலின், குறையை நிரப்பியே ஆகவேண்டும். நிரப்புதற்குச் சான்றாவது அளவு ஒன்றே.

அவ்வளவுகளையும் செய்முறைகளையும் நம் பட்டறைத் தொழிலாளர் பலர் நினைவிலும் கையிலுமே வைத்துள்ளனர், எழுதிவைத்தோர் சிலரே. கை ஓயும்போது அறிவும் ஓயும். தமிழ் பயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அவர்பாற் சென்று, அவர்கள் வழங்கும் சொற்களையும் குறிக்கும் அளவுகளையும் கேட்டு, அவர் சொன்னவாறே தமிழில் எழுதிவைப்போமாயின், பின்னர்ப் புதுக்க வருவோர்க்கு அஃது ஒரு நல்ல மூலப்பிரதியாகும்.