விளக்குக்குப் புளி போதும், சங்கிலியைக் கழற்றாதீர்கள்

குத்துவிளக்கு கறுத்துப்போவது பெரிய சங்கதி இல்லை. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டால் மங்கும், நாள்பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி விளையும் தருமபுரி மாவட்டத்தில் இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். ஊறவைத்த புளியால் தேய்த்து, உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, திருநீறு போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். கழிவறை ஆசிட் மட்டும் கூடாது; அது துத்தநாகத்தை அரித்து விளக்கில் சிவப்புத் திட்டுகளை விட்டுவிடும், புகையும் நெஞ்சை அடைக்கும்.

இந்தச் சின்ன வேலையைச் சாக்கிட்டுத்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நகை பறிபோகிறது. வீட்டில் பெண்களோ வயதானவர்களோ தனியாக இருக்கும் பகல் நேரம் பார்த்து, "பாலிஷ் பவுடர் கம்பெனிங்கம்மா, காசு வேண்டாம்" என்று இருவர் வருவார்கள். முதலில் பித்தளைச் சொம்பு மின்னும். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதற்குள் நம்பிக்கை வந்துவிடும்; கை தானாகக் கழுத்துக்குப் போகும். சங்கிலியை மஞ்சள் கலந்த ஒரு திரவத்தில் போட்டு எடுத்துத் தருவார்கள். அது ராஜ திராவகம்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. தங்கத்தையே கரைக்கும். சங்கிலி கைக்குத் திரும்பும், எடை திரும்பாது. சிலர் சங்கிலியையே எடுத்துக்கொண்டு, "பத்து நிமிஷம் கழித்துத் திறங்க" என்று மூடிய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏமாந்தவரை வீட்டிலேயே திட்டித் தீர்ப்பதால்தான் பல புகார்கள் காவல் நிலையம் போவதில்லை. கூச்சம் திருடனுக்குத்தான் லாபம். உடனே 112-ஐ அழையுங்கள். திரவம் மீதமிருந்தால் கொட்டாதீர்கள், சூடாக்காதீர்கள், தொடாதீர்கள், அதுதான் சாட்சி. தோலில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி 108-ஐக் கூப்பிடுங்கள். நகையை எடை போட்டு, வாங்கிய ரசீதோடு புகார் கொடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில், ஏமாற்றிப் பொருளைப் பறித்தால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "எங்க எல்லை இல்லை" என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பென்னாகரத்தில் நடந்ததை அரூரிலும் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.