புகைபோக்கி இல்லாத மாசு

இந்தியாவில் காற்று மாசைத் தடுக்கும் முதன்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் 1981-இல் இயற்றியது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்ற, அரசியலமைப்பின் 253-ஆவது சரத்தின்கீழ் வந்த சட்டம் அது. இயற்றியது டெல்லி என்றாலும் நடத்துவது மாநிலங்களே. 19-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவிப்பது மாநில அரசு. 21-ஆம் பிரிவுப்படி ஆலைக்கு இசைவு தருவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கர்நாடகம் இதற்கான விதிகளை 1983-இல் வகுத்தது.

இதற்கு முன்பே வங்காளம் 1905-இலும் பம்பாய் 1912-இலும் புகைத் தொல்லைச் சட்டங்களைப் போட்டிருந்தன. கொதிகலன், புகைபோக்கி, அதற்கொரு முதலாளி என்றே அவை மாசைப் பார்த்தன. 1981 சட்டத்திலும் அந்தப் பார்வை முழுக்கப் போகவில்லை.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் குறை கண்கூடு. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, கடைசியில் அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடம் வந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. தங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு எஞ்சிய சேறுதான் ஊரைச் சுற்றி மேடுகளாக நிற்கிறது. மொத்தம் 13 மேடுகள். ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன். காற்றுக் காலத்தில் அந்தச் சாம்பல்நிறப் பொடி தொழிலாளர் லைன் வீடுகளின் கூரையிலும், கொடியில் காயும் துணியிலும், திறந்துவைத்த தண்ணீர்க் குடத்திலும் படிகிறது. ஊரார் அஞ்சுவது சயனைடுக்கு. அது வெயிலில் பெருமளவு சிதைந்துவிடும், பாறைத் தூசில் உள்ள சிலிகா சிதையாது. அந்தத் தூசு என்ன செய்யும் என்பதற்குச் சுரங்கத்துக்குள்ளேயே சாட்சி உண்டு. 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது.

சட்டத்தின் 2-ஆம் பிரிவில் திடப்பொருளும் காற்று மாசுதான். ஆகவே தூசும் அதில் அடங்கும். 2009-இன் தேசியத் தரம், 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் இசைவு, நிபந்தனை எல்லாம் ஆலையை இயக்குபவருக்கே. மூடிய சுரங்கத்தில் யார் எதை இயக்குகிறார்? சுரங்கத்தை மூடும் திட்டம் கட்டாயம் என்ற விதியும் 2003-இல்தான் வந்தது; தங்கவயல் அதற்கு ஈராண்டு முந்திவிட்டது.

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 31-ஏ பிரிவு, எந்த நபருக்கும் அதிகாரிக்கும் உத்தரவிடும் அதிகாரத்தை வாரியத்துக்குத் தருகிறது. அரசு நிறுவனத்தின்மேல் அதை ஏவத்தான் கை வருவதில்லை. தண்டனையும் இளகிவிட்டது. ஆறு ஆண்டுவரை சிறை என்றிருந்தது, பல சட்டங்களின் தண்டனைகளைத் தளர்த்திய ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரம் முதல் 15 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்றாகிவிட்டது.

2024 ஜூனில், 1,003.4 ஏக்கரில் உள்ள இந்த 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை தொடங்கினால் மேட்டுக்கு ஒரு 'இயக்குபவர்' கிடைப்பார். 21-ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். தண்ணீர் தெளிப்பு, மூடிய லாரி, காற்றுத் தடுப்பு, லைன் வீடுகளுக்கருகே தூசு அளக்கும் கருவி ஆகியவற்றை இசைவு ஆணையிலேயே வாரியம் எழுதிவிட வேண்டும்.