ஆன்லைன் கிளாஸ்ல குரலும் பாட்டும் தெளிவா கேக்கணுமா? மைக் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



வழக்கமா நாம இங்க எஸ்.ஐ.பி., இன்ஷூரன்ஸ், கடன்னு பேசுவோம். இன்னைக்கு மைக், பாட்டுன்னு பேசப் போறோம். "இதுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்குறீங்களா? நிறையவே இருக்கு. வீட்டிலிருந்தே நாட்டியம், வாய்ப்பாட்டு, யோகான்னு சொல்லித் தர்றவங்களுக்கு சத்தம்தான் கடைச் சரக்கு. சரக்கு சரியில்லைன்னா வாடிக்கையாளர் சண்டை போட மாட்டார். சொல்லாம கொள்ளாம அடுத்த கடைக்குப் போயிடுவார்.

எங்க அண்ணி ஆன்லைன்ல பரதநாட்டியம் சொல்லித் தர்றாங்க. 14 பிள்ளைங்க, ஆளுக்கு மாசம் 1,800 ரூபாய். ரெண்டே மாசத்துல மூணு பேர் நின்னுட்டாங்க. ஒருத்தர் "எக்ஸாம் வருது"ன்னார், இன்னொருத்தர் "டைம் ஒத்து வரலை"ன்னார். மூணாவது பிள்ளையோட அம்மாதான் மனசு விட்டுச் சொன்னாங்க: "மேடம், பாட்டு போட்டா நீங்க பேசறது கேக்கல. நீங்க பேசினா பாட்டு விட்டு விட்டு வருது. பாப்பா உங்க கையைப் பார்த்துதான் ஆடுறா, பாட்டைக் கேட்டு ஆடலை."

கணக்கு போட்டுப் பாருங்க. 3 பேர், 1,800 ரூபாய். மாசம் 5,400 போச்சு. வருஷத்துக்கு 64,800!

அண்ணி பதறிப்போய் கண்டென்சர் மைக், மிக்ஸர், ஸ்டாண்டுன்னு 26,400 ரூபாய்க்கு கார்ட்ல சேர்த்துட்டாங்க. ஆறு மாச நோ-காஸ்ட் இ.எம்.ஐ. (பேருதான் நோ-காஸ்ட். பெரும்பாலும் பிராசஸிங் ஃபீ, வட்டிக்கு ஜி.எஸ்.டி.ன்னு தனியா வரும்.) "பட்டனை அழுத்தட்டுமா?"ன்னு எனக்கு போன். "ஒரு வாரம் பொறுங்க அண்ணி"ன்னேன். அந்த ஒரு வாரத்துல நாங்க கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு.

கோளாறு மைக்ல இல்லை

ஜூம், கூகுள் மீட் எல்லாம் அடிப்படையில ஆபீஸ் மீட்டிங்குக்காக உருவானவை. ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாத்தையும் வடிகட்டிட்டு மனுஷக் குரலை மட்டும் அனுப்பறதுதான் அதோட வேலை. ஒரே மாதிரி விடாம ஒலிக்கிற எதையும் அது இரைச்சல்னு நினைச்சுக்கும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் விடாமத்தானே ஒலிக்குது? அதையும் சேர்த்துத் துடைச்சிடும்!

இன்னொரு வேலையும் பண்ணுது. உங்க லேப்டாப் ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போனா, எதிரொலின்னு வெட்டிடும். அதனாலதான் லேப்டாப்லயே பாட்டைப் போட்டு மைக் வழியா அனுப்ப முயற்சி பண்ணினா, அந்தப் பக்கம் பாட்டு துண்டு துண்டா போகுது.

இந்த வெட்டல் எல்லாம் மைக்கைத் தாண்டின பிறகு நடக்குது. அப்போ 20,000 ரூபாய் மைக் வாங்கினாலும் அதே கதைதான்.

1. பாட்டுக்கு ஒரு வழி, குரலுக்கு ஒரு வழி (செலவு: 0)

இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோங்க. பாட்டை மைக் வழியா அனுப்பாதீங்க.

ஜூம்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது 'ஷேர் சவுண்ட்'னு ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்க. ஸ்கிரீன் காட்ட வேண்டாம், பாட்டு மட்டும் போனாப் போதும்னா, அதே ஷேர் பகுதியில 'கம்ப்யூட்டர் ஆடியோ'ன்னு தனியா இருக்கு. மீட்னா, பாட்டை குரோம்ல ஒரு டேப்ல திறந்து, அந்த டேபை ஆடியோவோட ஷேர் பண்ணுங்க. இப்போ பாட்டு நேரா கம்ப்யூட்டர்ல இருந்தே போகும். வடிகட்டி அதைத் தொடாது. குரல் மட்டும் மைக் வழியா போகும்.

2. நேரடியா வாசிக்கிறவங்களுக்கு (செலவு: 0)

தட்டுக்கழி, வீணை, வயலின், சுருதியோட சேர்ந்த வாய்ப்பாட்டு இதெல்லாம் மைக் வழியாத்தான் போயாகணும். அதுக்கு ஜூம் ஆடியோ செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்'னு இருக்கு. அதை ஆன் பண்ணா வடிகட்டாம அனுப்பும். செட்டிங்ஸ்ல போட்டா மட்டும் பத்தாது, மீட்டிங் ஆரம்பிச்ச பிறகு ஸ்கிரீன்லயும் அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. அங்கேயே எதிரொலி நீக்கத்தையும் ஆஃப் பண்ணினீங்கன்னா கட்டாயம் இயர்போன் போடணும். இல்லைன்னா பிள்ளைங்களுக்கு அவங்க குரலே திரும்பக் கேக்கும்.

3. குரல் முன்னாடி, பாட்டு பின்னாடி

ரெண்டு வழி பிரிச்சாச்சு. அளவு எப்படி? வெப்சைட்டுகள் எல்லாருக்கும் பயன்படணும்னு டபிள்யூ3சி அமைப்பு வகுத்த வழிகாட்டியில ஒரு கணக்கு இருக்கு: பதிவு செஞ்ச பேச்சுக்குப் பின்னாடி ஒலிக்கிற சத்தம், பேச்சை விட குறைஞ்சது 20 டெசிபல் கம்மியா இருக்கணும். காதுக்கு அது சுமார் நாலில் ஒரு பங்கு மாதிரி கேக்கும். லைவ் கிளாஸுக்கும் இதே அளவை மனசுல வெச்சுக்கலாம்.

மீட்டர் எல்லாம் வேண்டாம். நீங்க பேசற நேரத்துல பாட்டு பிளேயரோட வால்யூமைக் கால்வாசிக்குக் கொண்டு வாங்க, ஆட விடும்போது ஏத்துங்க. திருத்தம் சொல்லணும்னா பாட்டை நிறுத்திட்டே சொல்லுங்க.

ரெக்கார்டட் கிளாஸ் விக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். ஆடாசிட்டியில 'ஆட்டோ டக்'னு ஒரு வசதி இருக்கு. குரல் வர்ற இடத்துல பாட்டைத் தானா இறக்கும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோவிலும் (அரசியல் இல்லீங்க, சாஃப்ட்வேர்!) கம்ப்ரஸர் ஃபில்டர்ல இதே வேலை நடக்கும். ரெண்டுமே இலவசம்.

4. காசு செலவாகும் வரிசை

இலவசமா ஆகறதை முடிச்ச பிறகுதான் பர்ஸைத் திறக்கணும். அதுவும் இந்த வரிசையில:

- ஒயர் இயர்போன். புளூடூத் ஹெட்செட்டோட மைக்கை ஆன் பண்ணினா பெரும்பாலான லேப்டாப்ல சத்தத்தோட தரம் போன் கால் அளவுக்கு இறங்கிடும், தாமதமும் வரும்.
- நெட் கேபிள். ரூட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா. விட்டு விட்டு வர்ற பாட்டுக்கு வைஃபை காரணமா இருக்கலாம்.
- காலர் மைக். வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரம் பாதியானா குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஆறடி தள்ளி நிக்கிற விலை உயர்ந்த மைக்கை விட, சட்டையில குத்தின சாதாரண மைக் மேல். வாங்கும்போது பின்னைப் பாருங்க: போனுக்கானதுல மூணு வளையம் இருக்கும், கேமராவுக்கானதுல ரெண்டு. மாத்தி வாங்கினா வேலை செய்யாது.
- மிக்ஸர், ஆடியோ இன்டர்ஃபேஸ். ரெண்டு மைக், ஒரு வீணைன்னு ஒரே நேரத்துல வேணும்னா மட்டும்.

ரூம்ல எதிரொலியா? ஜன்னலுக்குத் திரை, சுவர்ல ஒரு கனமான போர்வை. பீரோவுல இருக்கறதே போதும்.

நான் வெச்சிருக்கிற விதி இதுதான்: ஒரு கருவியோட விலை, அதால நிலைச்சு நிக்கிற ஃபீஸ்ல ரெண்டு மாசத்தைத் தாண்டக் கூடாது.

5. "கேக்குதா?"ன்னு கேக்காதீங்க

பிள்ளைங்க எப்பவும் தலையாட்டும். அண்ணிகிட்டயும் மூணு மாசமா தலையாட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. உங்க மீட்டிங்ல இன்னொரு போன்ல நீங்களே சேருங்க. அந்த போனோட மைக்கை மியூட் பண்ணி, இயர்போனோட அடுத்த ரூம்ல வீட்டு ஆளை உக்கார வையுங்க. பாட்டு ஓடும்போதே பத்து வார்த்தை சொல்லுங்க. அவங்க எழுதினதுல எத்தனை சரியா வந்திருக்குன்னு பாருங்க. முதல் தடவை அண்ணி சொன்ன பத்துல அண்ணன் எழுதினது நாலு. எல்லாம் மாத்தின பிறகு ஒன்பது.

ஒரு எச்சரிக்கை. கிளாஸ் ரெக்கார்டிங்கை யூடியூப்ல போடறீங்கன்னா, பின்னாடி ஓடற பாட்டுக்கு உரிமைக்காரர் கிளெய்ம் போடலாம். அப்போ அந்த வீடியோவோட விளம்பர வருமானம் அவருக்குப் போயிடலாம்.

சரி, அண்ணிக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு? ஒயர்லெஸ் காலர் மைக் 1,900, இயர்போன் 400, கேபிள் 300. ஆக 2,600 ரூபாய். போன மூணு பேர்ல உண்மையைச் சொன்ன அந்த அம்மாவோட பொண்ணு மட்டும் திரும்ப வந்தா. மத்த ரெண்டு பேர் வரலை. அந்த மாச ஃபீஸ் போனது போனதுதான். ஆனா அதுக்கப்புறம் யாரும் நிக்கலை.

26,400 ரூபாய் கார்ட் இன்னும் அப்படியே கிடக்கு. அந்த இ.எம்.ஐ.க்குப் போக வேண்டிய 4,400 ரூபாய் இப்போ மாசாமாசம் ஆர்.டி.யில போகுது.

செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ல காட்டி வீடியோவும் போட்டிருக்கேன், பாருங்க. பார்த்துட்டு உங்க வீட்ல அந்தப் பத்து வார்த்தை டெஸ்ட்டைப் பண்ணுங்க. எத்தனை வந்துச்சுன்னு சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!