நெய்வேலிக் கரிக்குள் என்ன இருக்கிறது?

எரியோடு, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கும் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களுக்கும் வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எரிக்கும் கொதிகலன்காரர் கேட்பது ஈரம், சாம்பல், வெப்பத்திறன் என்ற மூன்று எண்கள்தான். வாங்கவும் விற்கவும் அவை போதும். குவித்து வைத்த கரி ஏன் தானாகப் புகைகிறது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. உள்ளே அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிதல்ல. உப்பு, சர்க்கரைபோல நிலக்கரிக்கு ஒரே வாய்பாடு கிடையாது. ஓரிரு மில்லிகிராம் கரித்தூளைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவார்கள். அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 1,600-ஐ ஒட்டி ஒளி குறைந்தால் கார்பன் வளையங்கள். 1,700 பக்கம் குறைந்தால் கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள். பழுப்பு நிலக்கரியில் இவை ஏராளம். காற்றோடு அது சட்டென வினைபுரிந்து சூடேற இதுவும் ஒரு காரணம்.

தொல்லை கொடுப்பது தண்ணீர். வெட்டியெடுத்த நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். 3,400 அருகே தெரியும் பள்ளம் கரியுடையதா, தண்ணீருடையதா என்று குழம்பும். உலர்த்தலாமே என்றால், நுண்துளைகள் சுருங்கிவிடும். சூடான காற்றில் உலர்த்தினால் கரியே ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால் வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ உலர்த்துவார்கள். என் கணக்கில், கருவியின் விலையைவிட இந்த உலர்த்தலில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது.

திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறலும் இங்கே கைகொடுக்கிறது, கொஞ்சம் அடம்பிடித்து! பழுப்பு நிலக்கரியில் லேசர் பட்டால் கரியே ஒளிர்ந்து, மெல்லிய ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். அலைநீளம் கூடிய லேசருக்கு மாறினால் ஓரளவு தப்பலாம். கரியைச் சுட்டுக் கருக்கினால் 1,350, 1,580 அருகே இரண்டு மேடுகள் தெளிவாக எழும். கார்பனின் ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் அவற்றை வைத்து எடைபோடுவார்கள்.

வளையத்தில் இருக்கும் கார்பன் எத்தனை பங்கு என்பதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி சொல்லும். அதற்குத் தென்படுவது கார்பன்-13 மட்டும். இயற்கையில் அது நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் என்பதால் பொறுமை வேண்டும்.

டி.என்.ஏ. ஆய்வால் புகழ்பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் முதலில் கரியைத்தான் ஆராய்ந்தார். ஹீலியம் நுழையும் துளைக்குள் பெரிய மூலக்கூறுகள் நுழைவதில்லை என்று காட்டினார். 1951-ல் எக்ஸ் கதிர் மூலம் கரிகளை இரண்டாகப் பிரித்தார்: சில கரிகள் கடும் வெப்பத்தில் கிராஃபைட் ஆகின்றன. ஆக்சிஜன் மிகுந்த பொருள்களிலிருந்து வரும் மற்றவற்றில் குறுக்குப் பிணைப்புகள் இறுகிவிடுவதால், 3,000 டிகிரிக்குச் சூடேற்றினாலும் அடுக்குகள் வரிசைக்கு வருவதில்லை. நம் தேங்காய்ச் சிரட்டைக் கரி இந்த இரண்டாம் வகை.